யார் எழுதுவது என்று ஒரு வரி

திரையின் வலப்பக்க மூலையில் சின்னதாக ஒரு கறுப்புச் சன்னல் திறந்திருக்கும். அதற்குள் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக வந்து விழ, பழைய வரிகள் மேலே ஏறிப்போகும். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ் அது. ‘வரி 40 அட்டை சரி. வரி 41 அட்டை சரி.’ அதற்குமேல் அதில் ஒன்றும் இருக்காது. வேலை பார்த்த அத்தனை வருடங்களில் மனிதர்களின் குரலைவிட அந்தச் சன்னலைத்தான் நான் அதிகமாகக் கவனித்திருப்பேன். அதை எழுதி வைத்தவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய அம்மாவும் எங்கள் முதலாளியும் தவிர வேறு யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. முதலாளிகூடக் கோபம் வந்தால்தான் பெயரைச் சொல்வார்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் முதலாளிக்குச் சொந்தமாகத் தறிகள் இருந்தன. வீட்டின் பின்பக்கம் தறி, முன்னறையில் அட்டை அடிக்கும் சென்டர். சேலையில் பூவோ மயிலோ விழ வேண்டுமானால், குறுக்கே ஓடும் ஒவ்வோர் ஊடை இழைக்கும் நெடுக்கே நிற்கும் பாவில் எந்தெந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று தறிக்குச் சொல்ல வேண்டும். துளை போட்ட அட்டைதான் அதைச் சொல்கிறது. படத்தின் ஒரு வரிதான் ஓர் ஊடை, ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து, தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அட்டை அடிக்கும் மெஷினுக்கு அனுப்புவது என் வேலை. பன்னிரண்டாம் வகுப்பும் தட்டச்சும் படித்திருந்தேன். ஆட்களோடு பேச வேண்டாத வேலை என்று சொன்னதால்தான் சேர்ந்தேன். எதையாவது ஒரு தடவை கேட்டு, எதிரில் இருப்பவர் “இன்னா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

பாய் எங்களிடம் வந்தது இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில். ஊரில் ஜரிகை வியாபாரம் செய்யும் குடும்பம் அவருடையது. சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். அந்தச் சமயம் கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தபோது இவரையும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் சென்டரில் அதுவரை இருந்தது வெளியூரிலிருந்து வாங்கிய சாஃப்ட்வேர். கரை வேறு, உடல் வேறாக நெய்கிற எங்கள் ஊர்ச் சேலைக்கு அது பாதிதான் ஒத்துவந்தது. மீதியைக் கையால் துளைத்துச் சரிசெய்வோம். ஜரிகை கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்த பாய், இதை நானே எழுதித் தரட்டுமா என்று கேட்டார். முதலாளி யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாளே பாய்க்கு ஒரு மேசை போட்டாயிற்று.

அதிகம் பேசாதவர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு உட்கார்ந்தால் டீ ஆறிப்போகும் வரை எழுந்திருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு வரும்போது எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கி வருவார். என்னிடம் ஏதாவது கேட்டால், பதில் வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது தெரியவில்லை.

அவர் எழுதிய மொழி புதியது. ஃபங்ஷனல் வகை என்றார். திரை முழுக்க அடைப்புக்குறிகளாக இருக்கும். முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, “இன்னா பாய், மீன் முள்ளைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது. ஊர்ல எல்லாரும் எழுதுற மொழியில எழுதக்கூடாதா?” என்பார். ஒருநாள் பாய் மேசையிலிருந்து அடித்து முடித்த அட்டை ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். இந்தத் துளையை மூட முடியுமா என்று கேட்டார். முடியாது, வேறு அட்டைதான் அடிக்க வேண்டும் என்றார் முதலாளி. இந்த மொழியும் அப்படித்தான், ஒரு தடவை வைத்த மதிப்பை யாரும் போகிறபோக்கில் மாற்ற முடியாது, மாற்றம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று செய்ய வேண்டும், அதனால் எது எங்கே கெட்டது என்று தேடுவது சுலபம் என்றார் பாய். முதலாளிக்கு அது பிடித்துவிட்டது. அதன்பிறகு வருகிறவர்களிடமெல்லாம் அட்டையைக் காட்டி அவரே விளக்க ஆரம்பித்துவிட்டார்.

கறுப்புச் சன்னல் அதன் கூடவே வந்ததுதான். புரோகிராம் தான் செய்வதை நடக்க நடக்க எழுதிவைக்கும், அதற்கு லாக் என்று பெயர் என்றார். அதைக் கணக்குப் போடுகிற புரோகிராமே நேராக எழுதுவதில்லை. எழுதுவதற்கென்றே யாரோ முன்பே செய்து வைத்த ஆயத்தப் புரோகிராம்கள் பல உண்டு. அவற்றை லைப்ரரி என்கிறார்கள். அதில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், நம் புரோகிராம் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்ளும். முதலில் பாய் வைத்திருந்த லைப்ரரி, பெரிய கோளாறு வந்தால் மட்டும் ஒரு கோப்பில் எழுதும்படி இருந்தது. சரியாக நடக்கும்போது அது வாயைத் திறக்காது. வேலை ஒழுங்காகப் போகிறதா என்று தெரியாமல் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பார் போல. ஒருநாள், “அடுத்த தடவை வேற லைப்ரரி போடறேன்மா. ஒவ்வொரு வரிக்கும் சொல்லும். நீங்க யாரையும் கேக்க வேணாம்” என்றார். தமிழிலேயே எழுதட்டுமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

பெரிய முந்தானைப் படங்கள் வர ஆரம்பித்ததும் புரோகிராமை மாற்ற வேண்டி வந்தது. எங்கள் கம்ப்யூட்டர் சின்னது. முழுப் படத்தையும் ஒரே தடவையில் தாங்காது. அதனால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டாக அட்டையாக்கிச் சேர்க்கும்படி பாய் புதிதாக எழுதினார். லாக் எழுதும் புது லைப்ரரியும் அதோடுதான். தன் வீட்டு லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினார். சன்னலில் வரிகள் ஓடின. எனக்குப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் சென்டர் கம்ப்யூட்டரில் அதை ஏற்றுவதற்குள் ஆற்காட்டுப் பக்கம் தங்கையின் நிக்காஹ் வந்துவிட்டது. கோப்புகளைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டு, பழைய ஃபோல்டரை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிப் போனார்.

நல்ல காரியத்தை முதலாளி அடுத்தவர் கையில் விட மாட்டார். அன்று கற்பூரம் காட்டி, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, மௌஸை அவரே பிடித்தார். நான் மெஷின் பக்கம் அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாய் போனில் கேட்டதும், “எல்லாம் ஆச்சு பாய், நீ கல்யாணத்த கவனி” என்று சொன்னது காதில் விழுந்தது. புரோகிராம் ஓடியது. அட்டைகள் விழுந்தன. மூலையில் கறுப்புச் சன்னலும் திறந்தது. அதில்தான் ஒன்றுமே வரவில்லை.

ஊர் திரும்பிய பாய் சன்னலைப் பார்ப்பதற்குள் நெசவாளி ஒருவர் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார். எங்களிடம் முந்தானைக்கு அட்டை வாங்கிப் போனவர். நெய்த துணியைச் சுற்றி எடுத்து வந்திருந்தார். மேசைமேல் விரித்தார். ஜோடி மயில். உடலும் தோகையும் அழகாக விழுந்திருந்தன. கழுத்து மட்டும் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

“மயில்னு சொல்லித்தான்பா அட்டை வாங்கிக்கினு போனேன். கழுத்து நீண்டுக்கினே போவுது பாரு. கொக்குப் போட்ட முந்திய எந்தப் பொண்ணு கட்டிக்குவா?”

நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பாய் சிரிக்கவில்லை. குனிந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். வீட்டு லேப்டாப்பில் அதே படத்தை ஓட்டியபோது மயில் மயிலாகத்தான் இருந்தது என்றார். அது அந்த இடத்தில் யாருக்கும் தேவைப்படாத பதிலாக இருந்தது.

நெசவாளி போன பிறகு முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாயின் அருகில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. “அமாவாசைக்குத் தறிங்க நிக்கும். எல்லாரும் இங்கதான் வருவாங்க. அதுக்குள்ள சரியாச்சுன்னா உன் புரோகிராமு. இல்லன்னா பழைய சாஃப்ட்வேரையே எடுத்துக்கலாம். தப்பா நெனைக்காத பாய்.”

பாய் சரி என்று மட்டும் சொன்னார். பழைய சாஃப்ட்வேருக்குப் போனால் பாய்க்கு இங்கே மேசை இல்லை. வளைகுடாவில் மாமா ஒருவர் கடை வைத்திருந்தார். கணக்கு பார்க்க வா என்று விசாவோடு காத்திருந்தார். பாய்க்கு அதில் விருப்பமில்லை என்பது அம்மாவிடம் போனில் பேசும்போதே தெரியும். அந்த நாட்களில் ஒருமுறை, “அம்மி, அமாவாசை வரைக்கும் பொறுத்துக்குங்க” என்று அவர் சொன்னது கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி வருத்தமாகவும் இருந்தது.

அவர் தேடிய விதம் எனக்கு ஓரளவு புரிந்தது. லேப்டாப் பெரியது, அதில் படம் வெட்டுப்படாமல் ஒரே துண்டாகப் போகிறது. இங்கேதான் துண்டுகள். ஆகவே தவறு வெட்டிச் சேர்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். எங்கே என்று தெரிய, புரோகிராமுக்குள் போகிற வழியெல்லாம் ‘இங்கே வந்துவிட்டேன்’ என்று எழுதச் சொல்லி வைத்தார். ஓட்டினார். சன்னல் கறுப்பாகவே இருந்தது. சொல்லவில்லை என்றால் அங்கே வரவே இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார். வராத இடத்தைச் சரிசெய்யப் போய், நன்றாக இருந்த பகுதிகளைப் பிரித்து மறுபடி எழுதினார். மறுபடியும் கறுப்பு. நாட்கள் போகப் போக, தன் கை எழுதியதையே அவர் சந்தேகப்படுவது தெரிந்தது. ஒரு வரியை எழுதுவார், அழிப்பார், அதையே திரும்ப எழுதுவார். “முதல் வரியே ஓடலன்னு காட்டுது. ஆனா அட்டை விழுது. எப்படிம்மா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார். அவர் வெகுநேரம் காத்திருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள், பின்பக்கத் தறியில் பாவு முடிந்து புதுப்பாவு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாவு முடிந்தால் பழைய பாவின் நுனியை அறுத்து எறிய மாட்டார்கள். தறியில் சீப்புப் போல நிற்கும் அச்சின் கண்களில் கோத்தது கோத்தபடி விட்டுவிட்டு, அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப்பாவின் ஓர் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்குவார்கள். முதலாளியின் மனைவி அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பாய் நடந்து நடந்து அங்கே போய் நின்றார். ஊரில் பிறந்தவர், பார்க்காததல்ல. வேறு எதையும் பார்க்கப் பிடிக்காமல் நின்றிருப்பார். நான் முதலாளி கேட்ட அட்டைக்கட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருந்தேன்.

முதலாளி அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார் என்று தோன்றுகிறது. “பாத்தியா பாய், பழச அறுத்துட்டா அவ்ளோ இழையும் அச்சுல புதுசா கோக்கணும். யாரால ஆவும்? உன் புரோகிராமுக்கும் அதான் செஞ்சேன். நீ எடுத்துடுன்னு சொன்ன. எனக்கு மனசு வரல. பழச அப்டியே வெச்சி, மேலயே புதுசச் சேத்தேன்.”

பெருமையாகத்தான் சொன்னார். பாய் அவரைப் பார்த்தார். பிறகு முறுக்கிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தார். “பழைய ஃபைலுங்க உள்ளயே இருக்குதா முதலாளி?” என்று மெதுவாகக் கேட்டார். பின்ன, எங்கே போகும் என்றார் முதலாளி.

பாய் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. முதலாளியின் மனைவி இழையை விட்டுவிட்டு நிமிர்ந்து, “இன்னா ஆச்சு இந்தப் புள்ளைக்கு?” என்றார்.

முன்னறைக்கு வந்து ஃபோல்டரைத் திறந்தார். நீளநீளமான இங்கிலீஷ் பெயர்களில் நிறையக் கோப்புகள். அவர் முன்பே பார்த்த பட்டியல்தான். பழையது போய்விட்டது என்று நம்பிப் பார்த்ததால் எல்லாம் புதியதாகவே தெரிந்திருக்கிறது. இப்போது விரல் வைத்துக் காட்டினார். எழுதுகிற பழைய லைப்ரரியும் புது லைப்ரரியும் ஒன்றாக இருந்தன. நம் புரோகிராம் ஆரம்பிக்கும்போது, எழுத யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை சுற்றிப் பார்க்கும். முதலில் கண்ணில் படுபவரிடம் வேலையைக் கொடுத்துவிடும். இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று பார்க்காது. முதலில் கண்ணில் பட்டது பழையது. பழையதற்கோ பெரிய கோளாறைத் தவிர எதையும் எழுதாதே என்று கட்டளை. கழுத்து நீள்வது அதற்குக் கோளாறாகத் தெரியவில்லை. பாய் வைத்த அத்தனை ‘வந்துவிட்டேன்’களையும் வாங்கி வாங்கிப் பேசாமல் வைத்துக்கொண்டிருந்தது.

பழையதை அழித்துவிட்டால் முடிந்தது என்று எனக்கே தெரிந்தது. பாயின் கை அழிக்கும் இடம்வரை போனது. முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பாய் திரும்பிப் பார்த்தாரோ இல்லையோ, கையை எடுத்துவிட்டார். புரோகிராமைத் தொடங்கி வைக்கிற சின்னக் கோப்பு ஒன்று உண்டு. அதைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தார். லாக் எழுத வேண்டியது இந்த லைப்ரரிதான் என்று பெயர் சொல்லும் வரி.

“பழசு இருக்கட்டும் முதலாளி. ரெண்டும் இருக்கட்டும். யாரு எழுதணும்னு நாம சொல்லாம விட்டதுதான் தப்பு. இப்ப சொல்லிட்டேன்.”

ஓட்டினார். சன்னலில் வரிகள் வந்தன. ‘வரி 1 அட்டை சரி.’ மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கிய இடத்தில் எண்கள் பின்னால் போயின. முன்பே வந்த வரிகள் மறுபடி வந்தன, பக்கத்தில் ‘சரி’ என்ற சொல்லோடு. வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் போன துண்டின் கடைசி வரிகளை அடுத்த துண்டு திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. மற்ற வெட்டுகள் பூவோ மயிலோ இல்லாத வெற்றிடங்களில் விழுந்திருந்தன. துணியில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வெட்டு மட்டும் மயிலின் கழுத்தில் விழுந்திருந்தது.

“கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. ஃபைலு மேலயும் இல்ல. வெட்டுற எடத்த நான்தான் தப்பா கணக்குப் பண்ணிட்டேன்” என்றார் பாய். முதலாளி பழைய கோப்புகளை வைத்தது பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டார். பிரித்துக் குழப்பியவற்றைப் பழையபடி எழுதத்தான் நேரம் எடுத்தது.

அமாவாசையன்று தெருவில் தறிச் சத்தம் இல்லை. நெசவாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், சண்டைக்கென்றே வந்தவர் போல. பாய் எழுந்து நின்று, என் தவறுதான், புது அட்டை தயாராக இருக்கிறது என்றார். நெசவாளி, “நீயே ஒத்துக்கினா நான் இன்னாத்த பேசறது? டீயாவது சொல்லுபா” என்று உட்கார்ந்தார். கெட்டுப்போன முந்தானையை முதலாளியே எடுத்துக்கொண்டார். எல்லோரும் போன பிறகு, பழைய சாஃப்ட்வேர் பேச்சை நான் எதிர்பார்த்தேன். பாயும் எதிர்பார்த்திருப்பார். மேசையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “அதுவுந்தான் இத்தனை வருசம் தப்பு பண்ணுச்சு. எங்க பண்ணேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. இது சொல்லுதுல்ல. இருக்கட்டும்.”

பாய் விசா வேண்டாம் என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதன்பிறகு சில வருடங்கள் எங்களோடு இருந்தார். பிறகு பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னைக்குப் போனார். போகும் நாளில் அந்தத் தொடக்கக் கோப்பை எனக்குத் திறந்து காட்டி, அந்த ஒரு வரியை மட்டும் யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் தலையாட்டினேன். நன்றி சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்து வைத்திருந்தேன். சொல்லவில்லை.

முதலாளி இப்போது இல்லை. அவர் மகன் நடத்துகிறார். தறிமேல் அட்டை இல்லாத எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. சென்ற மாதம் புது சாஃப்ட்வேர் ஏற்ற ஒரு பையன் வந்தான். நல்ல பையன். எல்லாமே ஆட்டோமேட்டிக், நீங்கள் ஒன்றும் பார்க்கவே வேண்டாம் மேடம் என்றான். படத்தைக் கொடுத்ததும் திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றுவதைத் தவிர அது ஒன்றும் சொல்லவில்லை.

“தம்பி, இதுல லாக் யாரு எழுதுறது?” என்று கேட்டேன்.

அவனுக்குக் காதில் விழவில்லை. “என்ன மேடம்?” என்றான். வழக்கமாக அந்த இடத்தில்தான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். அவன் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

“லாக். அது எந்த லைப்ரரி எழுதுது? பேரு சொல்லி வெச்சிருக்கா?”

ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டான். எழுதத்தான் செய்கிறது மேடம், காட்ட வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள் என்றான். காட்டச் சொல்லு என்றேன். ஏதோ ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றினான். வலப்பக்க மூலையில் சின்னதாக ஒரு கறுப்புச் சன்னல் திறந்தது. வரிகள் வர ஆரம்பித்தன. எல்லாம் இங்கிலீஷ். சரி என்ற சொல் எங்கும் இல்லை. எண்கள் மட்டும் புரிந்தன. அவை பின்னால் போகாமல் ஏறுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.